கிளி கடிக்காத கொய்யா

போன மாதம் எனக்குக் காதில் மெஷின் மாட்டிவிட்டார்கள். நம் சங்கத்தில் நம் வயசுக்காரர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டாயிற்று. மீதிப் பேர் யார் எது சொன்னாலும் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டுகிறீர்கள். எனக்குத் தெரியும்; மூன்று வருஷம் நானும் அந்தக் கட்சிதான். ஓர் எழவு வீட்டில் ஒருவர் தன் தம்பி போய்ச்சேர்ந்த விதத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல, நான் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் வீட்டம்மாள் என்னைத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றினாள். துணைக்கு என் தங்கை வந்தாள். காது பார்க்கிற இடங்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

மெஷினை மாட்டி ஏதோ பொத்தானை அழுத்திவிட்டு, அங்கே இருந்த பெண் "கேக்குதாங்க ஐயா?" என்றாள். கேட்டது. ஃபேன் சுற்றுவது, பக்கத்து அறையில் யாரோ பேப்பர் கிழிப்பது, என் வேட்டி உரசுவது எல்லாம் கேட்டது. பெருமையாக வெளியே வந்தேன். வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதில் சாயங்காலக் கிளிக்கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகக் கேட்காததெல்லாம் சேர்த்துவைத்து ஒரே தடவையில் காதில் கொட்டியது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கை என்னவென்று கையால் கேட்டாள். மேலே காட்டினேன். அவள் பார்த்தாள். இரண்டு விரலைக் கிளி மூக்குமாதிரி வளைத்து, இல்லாத ஒரு பழத்தைக் கொத்தி, அதை வாயில் போட்டு மென்று, சிரித்தாள்.

அவளுக்குக் கிளியும் நினைவிருக்கிறது, பழமும் நினைவிருக்கிறது. அறுபத்துச் சொச்சம் வயதில் மெஷினைக் கழற்றி வீசிவிட்டு ஓடலாம் போலிருந்தது எனக்கு.

விஷயம் இதுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு மூன்றரை. பாபநாசத்துக்குத் தெற்கே, ரோட்டைவிட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் எங்கள் ஊர். அந்த ஐப்பசியில் தீபாவளி முடிந்த கையோடு ஒரு புயல் அடித்தது. விடிந்து பார்த்தால், கொல்லைக்குப் பின்னால் நின்ற மொட்டைத் தென்னை வேரோடு சாய்ந்து வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தது. அப்பா இந்தக் கரையில் நின்று பார்த்தார், ஒரு காலை வைத்து மிதித்துப் பார்த்தார். நல்ல இடமாகத்தான் விழுந்திருக்கிறது, பாலமாகவே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் தென்னைக்குச் செத்த பிறகும் ஓய்வு கிடையாது.

பாலத்தின் மேல் முதலில் நடந்தது யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். நடு மரத்தில் ஒரு பொந்து. என் காலுக்கடியிலிருந்து, எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்போல ஒரு சத்தம் வந்தது. பொந்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அறிவுள்ளவன் குச்சியை விடுவான். நான் விரலை விட்டேன். வலது கை ஆள்காட்டி விரல். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதெல்லாம் மெஷின் நான் நானில்லை என்று சொல்கிறதே, அதற்கு அந்தக் கிளிதான் காரணம்.

இளங்கிளி. கழுத்தில் ஆரம் இன்னும் விழவில்லை. நனைந்து, இடது சிறகு தொங்கி, கோபம் மட்டும் குறையாமல் இருந்தது. சுற்றி எடுத்துப்போகக் கையில் துண்டில்லை. அரைக்கால் சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கு வழியில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் கிளியைப் பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார். சம்பா வைத்திருக்கிற ஆள் கிளியைப் பார்க்கிற பார்வை வேறு. குருவி வந்தால் நாலு நெல்லைக் கொத்தும். கிளி அப்படியில்லை, கதிரையே அறுத்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். "களவாணிய வீட்டுக்குள்ள கொண்டாந்து சோறு போடப் போறியா?" என்றார். அதோடு அதன் கதை முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் என் தங்கை.

அவளுக்கு அதுவரை பேச்சு வரவில்லை. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அப்பாவே நாலு வயதில்தான் வாய் திறந்தாராம். அப்பனைக் கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். தேன் தடவினார்கள். பேச்சு வந்தால் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கால்சட்டையில் சுற்றின கிளியோடு நான் முற்றத்தில் நின்றபோது எதிர்வீட்டு அத்தையும் அங்கே இருந்தாள். அத்தைக்கு உலகத்தில் தெரியாத வைத்தியம் கிடையாது, செய்துகொண்டு குணமானதும் கிடையாது.

"தானா வந்திருக்குங்க. கிளி கடிச்ச பழத்தைப் பிள்ளைக்குக் குடுத்தா பேச்சு வந்துரும். எங்க நாத்தனார் மவனுக்கு மூணே மாசம். இப்ப அவனை நிறுத்தத்தான் வைத்தியம் தேடறாங்க" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தங்கையைப் பார்த்தார். அவள் கீழே உட்கார்ந்து, என் கால்சட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பச்சை வாலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தை அறுப்பு வரைக்கும் இருக்கட்டும்" என்றார் அப்பா. "பாப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா அது இங்கயே கெடக்கட்டும். இல்லேன்னா வந்த வழியே போயிடணும்."

சிறகு தொங்குகிற கிளிக்கு வந்த வழி என்றால் பூனை. ஒன்பது வயதில் எனக்கு வேறு எந்தக் கணக்கும் வராது. இந்தக் கணக்கு உடனே வந்தது.

முதலில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குள் விட்டோம். இரண்டு நாளில் மூங்கிலைக் கடித்து ஜன்னல் வைத்துவிட்டது. கும்பகோணம் போன அப்பா, கேட்காமலேயே ஒரு கம்பிக் கூண்டு வாங்கிவந்தார். மாட்டுக்கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த தாழ்வாரத்தில் அதைத் தொங்கவிட்டோம். கூண்டைக் கடித்தது, கூண்டு தொங்கின கயிற்றைக் கடித்தது, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கடித்தது, என்னைத் தினமும் கடித்தது. நெல் போட்டால் உமியைத் துப்பிவிட்டு அரிசி தின்றது. பச்சை மிளகாய் தின்றது. கொய்யாவை மட்டும் தொடவில்லை.

எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். காட்டுக்கிளியெல்லாம் வந்து அதில் ஒரு பழம் விடாமல் கொத்திப்போகும். வீட்டுக்கிளிக்கு மட்டும் அந்தப் பழம் ஆகவில்லை. கூண்டுக்குள் வைத்த பழத்தைக் காலால் தள்ளிவிட்டு என்னைப் பார்க்கும். நாலு நாள் பார்த்தேன். அம்மா காலையில் குளித்துவிட்டு வந்து, கிளி கடித்த பழம் எங்கே என்று கையை நீட்டுவாள்.

ஐந்தாம் நாள் நானே கடித்தேன்.

சும்மா கடித்துவிடவில்லை, அதில் ஒரு தொழில் இருந்தது. முன்பல் பட்டால் மனிதக் கடி என்று தெரிந்துவிடும். கோரைப்பல்லால் ஓரத்தில் குத்தி, நகத்தால் கீறி, கொஞ்சம் விதையை வெளியே இழுத்துவிட வேண்டும். கொட்டகையில் பசு பார்த்துக்கொண்டே இருக்கும், சாட்சி சொல்லாது. அந்தப் பழத்தை அம்மா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து, பிறகு தங்கைக்கு ஊட்டுவாள். என் எச்சிலுக்கு அத்தனை மரியாதை வாழ்க்கையில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. ஒருநாள் அம்மா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிளிக்குப் பல்லு மொளைச்சிருக்கும் போல" என்றாள். நான் பல்லை உதட்டால் மூடிக்கொண்டேன். ஆனால் அவள் சிரிக்காமல் அதையும் ஊட்டிவிட்டாள்.

இதுவரைக்கும் சொன்னது சிரிப்பதற்கு. இனிமேல் சொல்லப்போவதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

மார்கழி. சம்பாவில் கதிர் பால்பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. வீட்டில் கிளியை வைத்திருக்கிற குற்றத்துக்குத் தண்டனையாகவோ என்னவோ, வயலில் கிளி ஓட்டுகிற வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். ஒரு தகர டின், ஒரு குச்சி. லீவு நாளில் காலையிலேயே வரப்பில் போய் உட்கார வேண்டும். தங்கையும் கூட வருவாள். டின் தட்டி எனக்கே காது வலிக்கும். அவள் பாட்டுக்குக் களிமண்ணில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளியில் வெடிக்காமல் நமுத்துப்போன அணுகுண்டு ஒன்றை அடுப்படியில் காயவைத்து எடுத்துவந்திருந்தேன். கிளிக்கு என்று பேர். உண்மையில் தங்கையைத் தூக்கிவாரிப் போடவைக்கத்தான். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணில் மாடு செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் வரப்பில் வைத்துக் கொளுத்திவிட்டு ஓடினேன்.

வெடித்தது. எங்கோ மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. மடை பார்த்துக்கொண்டிருந்த ஆள் அங்கிருந்தே என் வம்சத்தை விசாரித்தார். வயலுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான கிளிகள் ஒரே பச்சைத் துணியை உதறினமாதிரி எழுந்தன.

தங்கை மாட்டுக்குக் கொம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கிளிகளின் நிழல் அவள் கைமேல் ஓடின பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். மேலே பார்த்தாள். சிரித்துக் கையைத் தட்டினாள். பின்னால் புகை போய்க்கொண்டிருந்ததை அவள் பார்க்கவேயில்லை.

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று டின்னைத் தட்டினேன். பிறகு கத்தினேன். பிறகு மெதுவாக, தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். அவள் மாட்டுக்கு வால் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஒரே ஓட்டம். அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்னைமரப் பாலத்தில் ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்தில் கிளி கத்தியது. காது கேட்காத பிள்ளைக்குக் கிளி கடித்த பழம் எதற்கு? பழம் வேண்டாமென்றால் கிளி எதற்கு?

"என்னடா இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கிளிக்குப் பசிக்குமேன்னு ஓடியாந்தேன்."

அறுப்பு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சிறகு கூடிவிட்டால் சொல்லிவிடலாம். நம் எல்லோரிடமும் இப்படி ஒரு 'விடலாம்' இருக்கும், தேதி மட்டும் இருக்காது.

சொல்லாமல் இருந்தது பாதிதான். இன்னொரு பாதியும் செய்தேன். டவுசர் பையில் எப்போதும் புளியங்கொட்டை வைத்துக்கொள்வேன். அம்மா உள்ளேயிருந்து "பாப்பா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டவுடனே, ஒரு கொட்டையைச் சுண்டி அவள் காலடியில் விழவைப்பேன். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான் கண்ணால் உள்ளே காட்டுவேன், அவள் ஓடுவாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. "இவளுக்குக் காது பாம்புக் காது. வாய்தான் வரலை" என்று அம்மா அத்தையிடம் சொல்லிக்கொண்டாள். யாருக்காவது மனதில் ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருந்தால், அதையும் நான் புளியங்கொட்டையால் அடித்துவிரட்டிவிட்டேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது தட்டிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டாம். இதற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

தை வந்தது. அறுப்பு நடந்தது. தங்கை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னது கிளி.

களத்திலிருந்து அப்பா உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து தாழ்வாரத்தில் கால் வைத்தார். "பாப்பா, இங்க வாம்மா" என்றது கிளி. அப்படியே அம்மாவின் குரல். கடைசி 'ம்மா'வை அம்மா இழுக்கிற இழுப்புகூட மாறவில்லை. அப்பா சமையலறையைப் பார்த்தார். அம்மா கொல்லையில் இருந்தாள். மறுபடி கூப்பிட்டது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். வேர்வை என்றுதான் நினைத்தேன்.

"கிளியே பேசிடுச்சு. பிள்ளை பேசாமப் போயிடுமா?" என்றார். கெடு நீண்டது. கிளி பிழைத்தது. நான் குதித்தேன்.

பங்குனியில் பசுவுக்கு மடி வீங்கிக்கொண்டது. மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவர் ஊசி போட்டுவிட்டு எனாமல் பேசினில் கை கழுவும்போது கிளி கூப்பிட்டது. "பாப்பா, இங்க வாம்மா." டாக்டர் திரும்பினார், அப்பா திரும்பினார், வாசலில் நின்ற எதிர்வீட்டு அத்தை திரும்பினாள், பசுகூடக் காதைத் திருப்பியது. கூண்டுக்கு நேர் கீழே, முதுகைக் காட்டி உட்கார்ந்து வைக்கோலால் ஏதோ பின்னிக்கொண்டிருந்த பாப்பா திரும்பவில்லை. என் இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. புளியங்கொட்டை பையில் இருந்தது.

டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். தண்ணீரைக் கொட்டினார். அவள் பின்னால் போய் நின்று, வெறும் பேசினைக் கீழே விட்டார். பசு துள்ளியதில் கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தங்கை வைக்கோலை முடிச்சுப் போட்டாள்.

"பிள்ளைக்குக் காது கேக்கலை போலருக்குங்க" என்றார் டாக்டர். தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "நீங்க மாட்டைப் பாருங்க சார்" என்றார்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பையை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருக்கியே தம்பி. உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

கூண்டில் கிளி ஒரு காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

மறுநாள் காலை அம்மா பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்த் தங்கைக்குப் பின்னால் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்னை அவள் போகச் சொல்லவில்லை. தாம்பாளத்தைப் போட்டாள். அது விழுந்து, சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டு, அடங்கியது. அம்மா குனிந்து எடுத்து, அதில் விழுந்த நெளிவை விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. அன்றிலிருந்து பழம் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. மாட்டு டாக்டர் பேச்சைக் கேட்டுப் பெண்பிள்ளைக்கு ஊனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைவதா என்றார். பேச்சு வந்தபிறகு கட்டுவதாக வேண்டியிருந்த மணியை முன்கூட்டியே வாங்கிக் கட்டினார். நல்ல வெண்கல மணி. தங்கையைத் தூக்கிப் பிடித்து அவள் கையாலேயே அடிக்கச் சொன்னார். மணியின் நாக்கு ஆடுவதைப் பார்த்து அவள் சிரித்தாள். இரண்டு தெரு தள்ளிக் கேட்டது அந்தச் சத்தம்.

அம்மா தங்கையைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எதற்காவது வேண்டுமென்றால் எழுந்து வந்து தோளைத் தொடுவாள். ஆனால் அம்மாவின் குரல் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. காலையில் விளக்குமாறு எடுக்கும்போது, சோறு வடிக்கும்போது, மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது: "பாப்பா, இங்க வாம்மா." அம்மா வேலையை அப்படியே நிறுத்திவிட்டு நிற்பாள். கூண்டின் மேல் துணி போட்டுப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து கூப்பிட்டது.

சித்திரையில் ஒருநாள் அவள் கூண்டைக் கழற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அது பறக்காது, பூனை பிடித்துவிடும் என்று கெஞ்சினேன். அவள் தென்னைமரப் பாலத்தின் நடுவில் நின்று கூண்டைத் திறந்தாள். கீழே வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது.

கிளி வெளியே வந்து கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. சிறகைக் கோதியது. பிறகு பறந்தது. ஒரு கோணலும் இல்லை. நேராகப் போய் அக்கரைப் பூவரசின் உச்சியில் உட்கார்ந்தது. சிறகு எப்போது கூடியது என்று எனக்குத் தெரியாது. மாசியிலா, தையிலா, ஒருவேளை அந்த மார்கழிக்கு முன்னாலேயேவா. நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு நாள் அந்தப் பூவரசிலிருந்து கூப்பிட்டது. கரையில் போகிறவர்களெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தங்கை எங்கள் முகத்தைப் பார்த்து, நாங்கள் பார்க்கிற பக்கம் தானும் பார்த்தாள். மூன்றாம் நாள் சத்தமில்லை.

அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனது அடுத்த வருஷம் அறுப்புக்கும் பிறகு. சின்ன வயசிலேயே கொண்டுவந்திருந்தால் இன்னும் சுலபமாகப் பழக்கியிருக்கலாம் என்றார் அங்கே இருந்த டாக்டர். அப்பா அந்த வார்த்தையைச் சாகும்வரை சுமந்தார். கடைசிக் காலத்தில், "பாப்பாவோட ஒரு வருஷத்தை நான் தின்னுட்டேன்டா" என்று என்னிடமே சொல்லி அழுதார். அதில் முதல் மூன்று மாதம் என்னுடையது, அப்பாவுடையதல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்தேன்.

தங்கை வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்து, பிழை திருத்துபவளாகி, ஓய்வும் பெற்றாள். நம் சங்க மலருக்கு நான் எழுதுகிற அசட்டுக் கட்டுரைகளெல்லாம் அவள் பார்த்துத் திருத்தின பிறகுதான் உங்கள் கைக்கு வருகின்றன. அவள் படிக்கும்போது நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன், எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்று பார்க்க.

போன மாதம் மெஷின் மாட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில், கொய்யாவைக் கடித்தது கிளியில்லை, நான் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவள் பேனாவை வாங்கி எழுதினாள்: "தெரியும். கொட்டகையில் பார்த்திருக்கிறேன். எனக்காகத்தானே."

மீதியை எழுதத் தாளில் இடம் இருந்தது. பாபநாசம் வந்துவிட்டது என்று நான் எழுந்துகொண்டேன். இன்னும் இரண்டு ஊர் இருந்தது.

நாளைக் காலை இதை அவளிடம் கொடுக்க வேண்டும். வழக்கம்போல எதிரில் உட்கார்ந்துகொள்வேன். கொய்யா வரைக்கும் சிரிப்பாள். அணுகுண்டுக்கு வரும்போது அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எழுந்துபோகக் கூடாது. அதன்பிறகு மாட்டு டாக்டர் என்னைக் கேட்ட இடத்துக்கு வருவாள். அங்கே நான் சொன்ன பதிலை அவள் திருத்தத் தேவையில்லை. நானே திருத்திவிடுகிறேன்.

தெரியும் பாப்பா. எனக்குத் தெரியும்.